ரிசர்வ் வங்கி ஆளுநர்கள்: வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றபின், மாலை நேரத்தில் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ரிசர்வ் வங்கி ஆளுநர்கள் பற்றிய பாடம் வந்தால் ஒவ்வோர் ஆண்டும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கவுன்டரில் இருந்த காலத்தில் வாடிக்கையாளர்கள் கேட்டவையும் ஏறக்குறைய இவைதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

சார், ஆளுநர்னா ராஜ்பவன்ல இருக்கிறவர்தானே? அவருக்கும் நோட்டுக்கும் என்ன சம்பந்தம்?

குழப்பம் தமிழ்ச் சொல்லில் இருக்கிறது. மாநில ஆளுநரையும் ரிசர்வ் வங்கித் தலைவரையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம். ஆங்கிலத்திலும் இரண்டும் கவர்னர்தான். மாநில ஆளுநர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். மும்பை மின்ட் சாலையில் இருப்பவர் நாட்டின் மத்திய வங்கிக்குத் தலைவர். வங்கிகளைக் கண்காணிப்பது, நோட்டு வெளியிடுவது, வட்டி விகிதம் எல்லாம் அவர் பொறுப்பு.

இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தவர்களும் உண்டு. எல்.கே. ஜா ரிசர்வ் வங்கியில் இருந்துவிட்டுப் பின்னாளில் ஜம்மு காஷ்மீர் ஆளுநரானார். சி. ரங்கராஜன் 1997-இல் ரிசர்வ் வங்கியை விட்ட கையோடு ஆந்திரப் பிரதேச ஆளுநராகப் போனார். கொஞ்ச காலம் தமிழ்நாட்டையும் சேர்த்துக் கவனித்தார். தேர்வில் 'ஆளுநராக இருந்த ஆளுநர்' என்று யாராவது குறும்பாகக் கேட்டால் இந்த இரண்டு பேரையும் எழுதுங்கள்.

முதல் ஆளுநர் வெள்ளைக்காரரா? இங்கிலாந்துக்காரரா?

வெள்ளைக்காரர்தான், ஆனால் இங்கிலாந்திலிருந்து வந்த அதிகாரி அல்ல. சர் ஆஸ்போர்ன் ஸ்மித் ஆஸ்திரேலிய வங்கிகளில் முப்பது ஆண்டு வேலை பார்த்துவிட்டு, 1926-இல் இம்பீரியல் வங்கியை நடத்த இந்தியா வந்தவர். அந்த இம்பீரியல் வங்கிதான் 1955-இல் ஸ்டேட் வங்கி ஆனது. 1934-இல் சட்டம் வந்து, 1935 ஏப்ரல் 1 அன்று ரிசர்வ் வங்கி தொடங்கியபோது இவர் ஆளுநரானார். அப்போது அது தனியார் பங்குதாரர்களின் வங்கி, மூலதனம் 5 கோடி ரூபாய். தலைமையகம் கல்கத்தாவில் இருந்தது. 1937-இல்தான் பம்பாய்க்கு வந்தது.

வட்டி விகிதத்திலும் ரூபாயின் மாற்று மதிப்பிலும் அரசோடு ஒத்துப்போகாமல் 1937 ஜூனில் பதவி விலகினார். ஆக, முதல் ஆளுநரே கருத்து வேறுபாட்டால் போனவர். கீழே வரும் பாதிக் கதைகளுக்கு இதுதான் தொடக்கம்.

அப்ப அவர் கையெழுத்து போட்ட நோட்டு இப்ப கிடைக்குமா?

கிடைக்காது. அவர் எந்த நோட்டிலும் கையெழுத்துப் போடவில்லை. ரிசர்வ் வங்கியின் பெயரில் முதல் நோட்டு வந்தது 1938 ஜனவரியில், ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட 5 ரூபாய். அதில் இருப்பது இரண்டாம் ஆளுநர் சர் ஜேம்ஸ் டெய்லரின் கையெழுத்து. அதே ஆண்டில் 10,000 ரூபாய் நோட்டு வரை வந்துவிட்டது.

டெய்லர் 1943 பிப்ரவரியில் பதவியில் இருக்கும்போதே இறந்தார். ஆளுநர் நாற்காலி ஏறக்குறைய ஆறு மாதம் காலி. துணை ஆளுநராக இருந்த சி.டி. தேஷ்முக் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். ஆகஸ்டு 11 அன்று அவரே ஆளுநரானார். முதல் இந்தியர். உலக வங்கிக்கும் பன்னாட்டு நிதியத்துக்கும் அடித்தளம் போட்ட 1944 பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவிலும் அவர் இருந்தார்.

தேஷ்முக் காலத்தில் நடந்த ஒரு விசித்திரத்தைப் பலர் நம்புவதில்லை. பிரிவினைக்குப் பிறகும் 1948 ஜூன் வரை பாகிஸ்தானுக்கும் இதே ரிசர்வ் வங்கிதான் மத்திய வங்கி. நாடு இரண்டானபின்னும் கல்லாப்பெட்டி ஒன்றாகவே இருந்தது. 1949 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கி அரசுடைமையானதும் இவர் காலத்தில்தான்.

மொத்தம் எத்தனை பேர்? எல்லாரையும் வரிசையா மனப்பாடம் பண்ணணுமா?

2024 டிசம்பரில் பதவியேற்ற சஞ்சய் மல்ஹோத்ராவோடு 26 பேர். வரிசையாக நெட்டுரு போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு வாரத்தில் மறந்துபோகும். நான் சொல்லித்தருவது ஓரத்தில் நிற்பவர்களை முதலில் பிடிப்பது. அதிக காலம்: பெனகல் ராமராவ், 1949 முதல் 1957 வரை ஏழரை ஆண்டு. அடுத்து சக்திகாந்த தாஸ், ஆறு ஆண்டு. மிகக் குறைவு: அமிதவ் கோஷ், 20 நாள். பிரதமரானவர்: மன்மோகன் சிங் மட்டும். நிதியமைச்சரானவர்கள்: தேஷ்முக், மன்மோகன் சிங்.

இதோடு அந்தந்தக் கால நிகழ்ச்சி ஒன்றைக் கோத்துக்கொண்டால் போதும். 14 வங்கிகள் நாட்டுடைமையான 1969 என்றால் எல்.கே. ஜா. அடுத்த ஆறு வங்கிகள், 1980 என்றால் ஐ.ஜி. படேல். 2008-இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸின் சரிவு என்றால் சுப்பாராவ். பதவியேற்றுப் பத்தே நாளில் அந்த இடி விழுந்தது.

இருபது நாள் ஆளுநரா இருந்த அமிதவ் கோஷ், கதை எழுதுறவர்தானே?

இல்லை, இல்லை. பெயர் மட்டும் ஒன்று. ஞானபீடம் வாங்கிய நாவலாசிரியர் வேறு. இவர் துணை ஆளுநராக இருந்த வங்கியாளர். 1985 ஜனவரி 15 அன்று மன்மோகன் சிங் திட்டக் குழுவுக்குப் போனார். அடுத்த ஆளுநர் ஆர்.என். மல்ஹோத்ரா பிப்ரவரி 4 அன்றுதான் வந்து சேர்ந்தார். நடுவில் நாற்காலியைக் காத்தவர் கோஷ்.

இப்படி இடைக்காலத்துக்கு வந்தவர்கள் இன்னும் உண்டு: 1957-இல் அம்பேகாவ்ங்கர் 45 நாள், 1970-இல் அடார்க்கர் 42 நாள், 1975-இல் என்.சி. சென் குப்தா மூன்று மாதம். நெருக்கடி நிலைக் காலத்தில் இருந்தவர் கே.ஆர். பூரி, ஆயுள் காப்பீட்டுக் கழகத்திலிருந்து வந்தவர். ஆட்சி மாறியதும் 1977 மே மாதம் அவரும் போனார்.

ஆளுநர் ஆக என்ன படிச்சிருக்கணும்? பொருளாதாரமா?

சட்டத்தில் படிப்புத் தகுதி எதுவும் இல்லை. மத்திய அரசு நியமிக்கும், அவ்வளவுதான். சக்திகாந்த தாஸ் படித்தது வரலாறு. அதை வைத்து அவரை எவ்வளவு கேலி செய்தார்கள்! சஞ்சய் மல்ஹோத்ரா கான்பூர் ஐ.ஐ.டி.யில் கணினிப் பொறியியல் படித்துவிட்டு ஐ.ஏ.எஸ். ஆனவர்.

தொடக்கத்தில் ஐ.சி.எஸ். அதிகாரிகள், பிறகு ஐ.ஏ.எஸ்., நடுநடுவே ஐ.ஜி. படேல், மன்மோகன் சிங், ரங்கராஜன், ரகுராம் ராஜன் மாதிரிப் பொருளாதாரக்காரர்கள். உள்ளேயே வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, ஆளுநர் ஆனவர் ஒருவர்தான்: எம். நரசிம்மம். அவருக்கும் 1977-இல் ஏழே மாதம். ரங்கராஜனும் உள்ளிருந்து வந்தவர்தானே என்று கேட்பார்கள். அவர் நீண்ட காலம் துணை ஆளுநராக இருந்தவர், ஆனால் பேராசிரியர் வேலையிலிருந்து நேரே அந்தப் பதவிக்கு வந்தவர்.

பதவிக்காலம் அஞ்சு வருஷம்னு புத்தகத்துல இருக்கு. ரகுராம் ராஜன் ஏன் மூணு வருஷத்துல போனார்?

சட்டம் சொல்வது 'ஐந்து ஆண்டுக்கு மிகாமல்' என்றுதான். எவ்வளவு என்பதை நியமிக்கும்போது அரசு முடிவு செய்யும். மறுபடியும் நியமிக்கலாம். ராஜனுக்கு 2013 செப்டம்பரில் கொடுத்தது மூன்று ஆண்டு. அது முடிந்ததும் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். தாஸுக்கும் முதலில் மூன்றுதான், 2021-இல் இன்னும் மூன்று சேர்த்தார்கள்.

என் கருத்து: இந்த 'மிகாமல்' என்ற ஒரு சொல்லுக்குள்தான் அரசின் பிடி இருக்கிறது. மூன்றாம் ஆண்டு நெருங்கும்போது நீட்டிப்பு வருமா வராதா என்று செய்தித்தாள்கள் எழுதத் தொடங்கினாலே, அந்த மனிதர் மீது ஒரு பாரம் ஏறிவிடுகிறது.

பழைய ஆளுநர் கையெழுத்துப் போட்ட நோட்டு செல்லுமா? கடைக்காரர் வாங்க மாட்டேங்கிறார்.

செல்லும். கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெற்றாலும் இறந்தாலும் நோட்டின் மதிப்புக்கு ஒன்றும் ஆகாது. செல்லாது என்று தனியாக அறிவித்தால் மட்டுமே செல்லாது. கையில் ஒரு நூறு ரூபாய் இருந்தால் எடுத்துப் பாருங்கள். காந்தி படத்துக்கு வலப்பக்கம், வாக்குறுதி வரிக்குக் கீழே, இந்தியிலும் ஆங்கிலத்திலுமாக ஒருவரே இரண்டு முறை கையெழுத்துப் போட்டிருப்பார். பின்பக்கம் அச்சிட்ட ஆண்டு பொடி எழுத்தில் இருக்கும். அங்கேயே உள்ள மொழிப் பட்டியில் பதின்மூன்றாவது வரி 'நூறு ரூபாய்'.

நான் கவுன்டரில் இருந்தபோது ஒரே நோட்டுக்கட்டுக்குள் மூன்று ஆளுநர்களின் கையெழுத்து அடுத்தடுத்து வரும். எண்ணுகிற வேகத்தில் கையெழுத்தையா பார்க்க முடியும்? பார்த்தது ஒரே ஒரு பெரியவர்தான். ஆளுநராக இருந்த பிமல் ஜலானின் கையெழுத்தைத் தனியாகப் பிரித்துத் தரச் சொல்வார். ஏன் என்று கேட்டால் "அது அதிர்ஷ்டம் தம்பி" என்பார்.

ஒரு ரூபாய் நோட்டுல மட்டும் வேற பேர் இருக்கே?

அது ரிசர்வ் வங்கி நோட்டே இல்லை. இந்திய அரசின் நோட்டு. கையெழுத்து நிதித் துறைச் செயலாளருடையது. 'தர உறுதியளிக்கிறேன்' என்ற வாக்குறுதியும் அதில் இருக்காது. செயலாளராக இருந்து ஒரு ரூபாயிலும், ஆளுநராகி மற்ற நோட்டிலும் கையெழுத்துப் போட்டவர்கள் பலர் உண்டு.

ஒரு வங்கி மூழ்கினா ஆளுநர்தான் பொறுப்பா?

1935-இல் ரிசர்வ் வங்கிக்கு மற்ற வங்கிகள் மீது பெரிய அதிகாரம் கிடையாது. 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி கதவடைத்தபோது ஏன் காப்பாற்றவில்லை என்று டெய்லர் காலத்து ரிசர்வ் வங்கியைத் திட்டித் தீர்த்தார்கள். உரிமம், சோதனை எல்லாம் சட்டப்படி கைக்கு வந்தது 1949-இல், வங்கிக் கம்பெனிகள் சட்டத்தால். அதுதான் இன்றைய வங்கி ஒழுங்குமுறைச் சட்டம்.

அடுத்த பெரிய அடி 1960-இல், எச்.வி.ஆர். ஐயங்கார் ஆளுநராக இருந்தபோது. கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கியை மூட ரிசர்வ் வங்கியே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பணம் போட்டவர்கள் கொதித்தார்கள். அதற்குப் பிறகுதான் நொடிந்த வங்கியை இன்னொன்றோடு கட்டாயமாக இணைக்கும் அதிகாரம் வந்தது. 1962 ஜனவரியில் வைப்புத்தொகைக் காப்பீடும் வந்தது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பு. 2020 முதல் 5 லட்சம். உங்கள் பாஸ்புக்கில் முத்திரையாகக் குத்தியிருக்கிற அந்தக் காப்பீடு இப்படிப் பிறந்தது.

நிதியமைச்சர் சொன்னா ஆளுநர் கேட்டே ஆகணுமா?

ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 7-ஆவது பிரிவில், பொதுநலன் கருதி, ஆளுநரோடு கலந்து பேசியபின் அரசு உத்தரவிடலாம் என்று இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவின் கீழ் முறையான உத்தரவு எதுவும் போடப்பட்டதில்லை. அலமாரியில் பூட்டி வைத்த பிரம்பு மாதிரி. எடுத்து அடிக்க வேண்டாம், இருப்பது தெரிந்தால் போதும்.

நடைமுறை எப்படி என்று தெரிய ராமராவ் கதையைப் பாருங்கள். 1956 கடைசியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி (டி.டி.கே.) உண்டியல்களுக்கான, அதாவது வணிகத்தில் புழங்கும் கடன் சீட்டுகளுக்கான, முத்திரைத் தீர்வையை உயர்த்தினார். அந்த உண்டியல்களைக் காட்டித்தான் வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் கடன் வாங்கும். தீர்வை ஏறினால் கடன் வாங்கும் செலவும் ஏறும். பெயர் வரி, ஆனால் விளைவு வட்டி உயர்வு. வட்டியை முடிவு செய்வது எங்கள் வேலை என்று ரிசர்வ் வங்கி எதிர்த்தது. டி.டி.கே. கடுமையாகப் பேசினார், ரிசர்வ் வங்கி நிதியமைச்சகத்தின் ஒரு பிரிவுதான் என்பது அவர் நிலை. ராமராவ் நேருவிடம் முறையிட்டார். நேரு அமைச்சர் பக்கம் நின்றார்: ரிசர்வ் வங்கி ஆலோசனை சொல்லலாம், அரசோடு ஒத்தும் போகவேண்டும் என்று எழுதினார். 1957 ஜனவரியில் ராமராவ் பதவி விலகினார்.

ஓராண்டுதான் போயிற்று. ஆயுள் காப்பீட்டுக் கழகப் பணம் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளில் போடப்பட்ட விவகாரத்தில் நீதிபதி சாக்ளாவின் விசாரணை நடந்தது. புதிய ஆளுநர் ஐயங்காரும் அதில் சாட்சி சொன்னார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே.யும் பதவி விலகினார்.

அப்ப சண்டை போட்டவங்க எல்லாரும் ராஜினாமா பண்ணிட்டாங்களா?

இல்லை. ஸ்மித்தும் ராமராவும் போனார்கள். 2018 டிசம்பர் 10 அன்று உர்ஜித் படேலும் போனார். சொன்ன காரணம் சொந்தக் காரணம். ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில் 7-ஆவது பிரிவு என்ற பேச்சு நாளிதழ்களில் அடிபட்டதை நாடே பார்த்தது.

சுப்பாராவ் வேறு மாதிரி. 2012 அக்டோபரில் அவர் வட்டியைக் குறைக்கவில்லை. நிதியமைச்சர் ப. சிதம்பரம், வளர்ச்சிக்காக அரசு தனியாகத்தான் நடக்கவேண்டும் என்றால் தனியாகவே நடப்போம் என்றார். சுப்பாராவ் பதில் சொன்னது அடுத்த ஆண்டு ஆகஸ்டில், ஓய்வு பெறும் வாரத்தில். ரிசர்வ் வங்கியால் எனக்கு அலுப்பாக இருக்கிறது, தனியாக நடந்துவிட்டு வரலாம் போல இருக்கிறது, ஆனாலும் கடவுள் புண்ணியத்தில் ரிசர்வ் வங்கி இருக்கிறதே என்று சிதம்பரம் ஒருநாள் சொல்வார் என்று நம்புவதாக மேடையில் சொன்னார். ஓராண்டு பொறுத்துத் திருப்பிக் கொடுத்தாலும் அழகாகக் கொடுத்தார்.

1991-ல தங்கத்தை அடகு வெச்சது மன்மோகன் சிங்தானே?

பாதிதான் சரி. அப்போது ஆளுநர் எஸ். வெங்கிடரமணன், நாகர்கோவிலில் பிறந்தவர். அன்னியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் வரும் என்ற நிலை. மே மாதம், சந்திரசேகர் ஆட்சியிலேயே, அரசின் கையில் இருந்த 20 டன் தங்கம் ஸ்டேட் வங்கி வழியாக வெளிநாடு போனது. மன்மோகன் சிங் நிதியமைச்சரானது ஜூன் 21 அன்று. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கம் 46.91 டன் விமானத்தில் இங்கிலாந்து வங்கிக்குப் போனது. அதன்பேரில் ஏறக்குறைய 40 கோடி டாலர் கிடைத்தது. ஒரு முன்னாள் ஆளுநர் நிதியமைச்சர், இன்னொருவர் ஆளுநர், இடையில் துணை ஆளுநர் ரங்கராஜன். ஜூலை 1, 3 ஆகிய இரண்டு நாளில் ரூபாயின் மதிப்பைக் குறைத்த வேலை ரங்கராஜன் கையில்தான் நடந்தது.

வெங்கிடரமணனின் பெயர் 1992-இல் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழலோடும் சேர்ந்து அடிபட்டது. தங்கத்தில் கிடைத்த நல்ல பெயரை அது கொஞ்சம் மறைத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஆளுநர் சம்மதம் இல்லாம நோட்டைச் செல்லாதுன்னு சொல்ல முடியுமா?

மூன்று முறை நடந்திருக்கிறது, மூன்றும் மூன்று விதம். 1946-இல் அவசரச் சட்டம், ஆளுநர் தேஷ்முக். 1978 ஜனவரியில் 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகள், அதுவும் அவசரச் சட்டம்தான். அப்போது ஆளுநராக இருந்த ஐ.ஜி. படேலுக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. கறுப்புப் பணத்தை யாரும் பெட்டியில் நோட்டாக அடுக்கி வைப்பதில்லை என்பது அவர் எண்ணம். சட்டத்தை வரைய ரிசர்வ் வங்கியின் ஆர். ஜானகிராமனை டெல்லிக்குக் கூப்பிட்டார்கள். ஒரே நாளில் எழுதவேண்டும். மாதிரிக்கு 1946 சட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் எழுதினார். 1992 ஊழலை விசாரித்த ஜானகிராமன் குழு என்று படிக்கிறீர்களே, அதே ஜானகிராமன்.

2016-இல் அவசரச் சட்டம் முதலில் இல்லை; ரிசர்வ் வங்கி வாரியத்தின் பரிந்துரையின்பேரில் அரசு அறிவித்தது. நவம்பர் 8 மாலை வாரியம் கூடியது, இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு வந்தது. உர்ஜித் படேல் பதவியேற்று இரண்டே மாதம். புதிய 2,000 ரூபாய் நோட்டில் அவர் கையெழுத்து இருந்தது. சம்மதம் என்பதற்கு எத்தனை அர்த்தம் இருக்கலாம் என்பதை நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

வட்டி விகிதம் இன்னும் ஆளுநர் ஒருத்தர் கையிலதானா?

2016 வரை கடைசி முடிவு அவருடையது. சுப்பாராவ் மீது அத்தனை கோபம் வந்ததும் அதனால்தான். ராஜன் காலத்தில் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு: மூன்று பேர் ரிசர்வ் வங்கி, மூன்று பேர் அரசு நியமிப்பவர்கள். ஆளுக்கொரு ஓட்டு. மூன்றுக்கு மூன்று என்று நின்றால் ஆளுநருக்கு இன்னொரு ஓட்டு. குறி, பணவீக்கம் 4 சதவீதம். இரண்டு சதவீதம் மேலோ கீழோ போகலாம்.

பெண் ஆளுநர் யாராவது? தமிழர் எத்தனை பேர்?

பெண் ஆளுநர் இதுவரை இல்லை. துணை ஆளுநர்கள் உண்டு: கே.ஜே. உதேஷி, ஷியாமளா கோபிநாத், உஷா தோரட், 2025-இல் பூனம் குப்தா.

தமிழர் கணக்கை எண்ணாகச் சொன்னால் வகுப்பில் சண்டைதான் வரும். ரங்கராஜன் அரியலூரில் பிறந்தவர். வெங்கிடரமணனை மேலே பார்த்தோம். அவர் மகள் கிரிஜா வைத்தியநாதன் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்தவர். ராஜன் போபாலில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. சக்திகாந்த தாஸ் ஒடிசாக்காரர், ஆனால் தமிழ்நாடு பிரிவு ஐ.ஏ.எஸ். திண்டுக்கல்லிலும் காஞ்சிபுரத்திலும் ஆட்சியராக இருந்தவரை எந்தக் கணக்கில் வைப்பது? ஆர்.என். மல்ஹோத்ராவின் மனைவி அன்னா ராஜம், நாட்டின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் ஒருவர், ஓசூரில் சப்-கலெக்டராகத் தொடங்கியவர்.

ஆளுநரை அரசு நீக்க முடியுமா?

முடியும். 11-ஆவது பிரிவு ஒரே வரியில் அந்த அதிகாரத்தைத் தருகிறது. காரணம் சொல்லவேண்டும் என்றுகூட அதில் இல்லை. ஆனால் யாரையும் அப்படி நீக்கியதில்லை. மேலே பார்த்த ஸ்மித், ராமராவ், உர்ஜித் படேல் மூவரும் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இப்ப இருக்கிறவர் எதுவரைக்கும்?

சஞ்சய் மல்ஹோத்ரா 2024 டிசம்பர் 11 முதல் மூன்றாண்டுக்கு நியமிக்கப்பட்டார். அதற்குமேல் என்ன என்பதற்கு 'மிகாமல்' பதிலையே மறுபடி படியுங்கள். அவர் கையெழுத்தோடு 50 ரூபாய் நோட்டு வரும் என்று 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. வகுப்பில் முதலில் அதைக் கொண்டுவந்து காட்டிய பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். நோட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.